தோள்பட்டை எலும்பை ஒட்டி வலியா? ஒரு சுவரும் ஒரு துண்டும் போதும்

கையை எப்படி வளைத்தாலும் விரல் எட்டாத ஒரு இடம் முதுகில் இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு அங்கேதான் எரியத் தொடங்கும். ஒரு வருடம் தைலம் தேய்த்தேன். தேய்த்துவிட ஆள் இல்லாத நாட்களில், மாடு மரத்தில் உரசுவதைப் போலக் கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டு நின்றிருக்கிறேன். அரை மணி நேரம் சுகம். மறுநாள் அதே வலி.

காரணம் புரிந்த பிறகுதான் விடிவு வந்தது. இரண்டாவது விலா முதல் ஏழாவது விலா வரை மறைத்துக் கிடக்கும் முக்கோணத் தகடு அந்த எலும்பு. உடம்புக்கூட்டோடு அதற்கு எலும்புத் தொடர்பு என்றால் முன்பக்கம் காறை எலும்பு வழியாக மட்டும்தான். மற்றபடி அதைப் பிடித்து நிறுத்துவதும் நகர்த்துவதும் தசைகளே. குனிந்து திரையைப் பார்க்கும்போது தோள் முன்னால் சரியும், எலும்பும் முதுகெலும்பை விட்டு விலகும், உள்பக்கத் தசைகள் மணிக்கணக்கில் இழுபட்டபடியே கிடக்கும். ஏற்கெனவே இழுபட்டுக் களைத்த தசையை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதாது, அதற்கு வேலை கொடுத்துப் பலப்படுத்த வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்று. வலியோடு மார்பில் அழுத்தம், மூச்சுத்திணறல், வியர்வை இருந்தால் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பின் வலது தோள்பட்டைக்குக் கீழே வலித்தால் பித்தப்பையாகவும் இருக்கலாம். கை மரத்துப்போவது, விரல் வரை சுரீரென்று இழுப்பது, காய்ச்சல், விழுந்து அடிபட்டது, படுத்தாலும் விடாத வலி, இவற்றுக்கெல்லாம் முதலில் டாக்டர்.

சரி, முதல் பயிற்சி. முதுகு சாயாத ஸ்டூலில் பாதம் தரையில் பதிய உட்காருங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னாலும் சற்றுக் கீழேயும் கொண்டுவாருங்கள். சட்டை முதுகின் நடுத்துணியை இரண்டு எலும்புகளும் சேர்ந்து கிள்ளுவதாக நினைத்துக்கொண்டால் பிடிபடும். 5 விநாடி நிறுத்தி மெல்ல விடுங்கள். 10 தடவை. பெரும்பாலும் தோள் காதை நோக்கி ஏறிவிடும், மூச்சும் நின்றுவிடும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சுப் பிடிக்க முடியாது.

இரண்டாவது, சுவர் தள்ளல். கை நீளத்துக்குத் தள்ளி நின்று, மார்பு உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் வையுங்கள். முழங்கை மடங்கவே கூடாது. மார்பை மட்டும் சுவர்ப்பக்கம் மெல்ல அமிழ விடுங்கள், பிறகு மேல்முதுகு லேசாகக் கூன் விழும்வரை சுவரைத் தள்ளுங்கள். அசைவு இரண்டு மூன்று விரல்கடைதான் இருக்கும். ‘இதுவா பயிற்சி?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. மறுநாள் காலை அக்குளுக்குக் கீழே, விலா ஓரமாக, இதுவரை இருப்பதே தெரியாத ஒரு தசை குரல் கொடுத்தது. எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிப்பது அதுதான். 10 தடவை, சற்று ஓய்வு, மறுபடியும் 10.

மூன்றாவதுக்குத் துண்டு. சுவரைப் பார்த்து நின்று, துண்டை வைத்து, முழங்கை முதல் சுண்டுவிரல் ஓரம் வரை அதன் மேல் பதித்து, கைகளை மேல்நோக்கி வழுக்கவிடுங்கள். கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி இந்த எலும்பு சுழல்வதால் கிடைப்பது; அந்தச் சுழற்சிக்கான பழக்கம் இது. தோள் காதுக்கு ஏறத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி இறக்குங்கள். 8 தடவை. சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் துண்டு அவசியம், இல்லாவிட்டால் ஆபீஸ் சட்டையோடு வெள்ளை முழங்கைதான்.

கடைசியாகக் கழுத்து. வலது பக்கம் வலித்தால் முகத்தை இடது அக்குள் பக்கம் திருப்பித் தாழ்த்துங்கள், அக்குளை முகர்ந்து பார்ப்பது போல. 20 விநாடி, 3 தடவை. கையால் தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் ஆர்வக் கோளாறில் இழுத்து, இரண்டு நாள் யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்த்துத் திரும்பினேன்.

எல்லாம் சேர்த்து 10 நிமிடம், நாளுக்கு ஒருமுறை. செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ மறுநாளும் கூடியிருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தசை பலப்பட ஆறு வாரமாவது ஆகும், முதல் வாரத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். நடுவில் அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். அதைச் செய்யாமல் பயிற்சியை மட்டும் செய்த வாரங்களில் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுலபமாகிவிட்டால், ரப்பர் பட்டை ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கை இடுப்பை உரச இரண்டு கையாலும் பின்னால் இழுக்கலாம். முடிச்சை ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு இழுங்கள். என்னுடையது அவிழ்ந்து மூக்கில் அடித்தது.