சின்ன டீமுக்குப் பெரிய தண்டனையா? நாஸ்கார் அபராதங்களை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

2009 மே மாதம், அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் ஷார்லட் டிராக். ஆல்-ஸ்டார் வாரப் பயிற்சி ஓட்டத்தில் கார்ல் லாங் என்ற ஓட்டுநரின் எஞ்சின் பழுதானது. கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள். கழற்றிய எஞ்சினை நாஸ்கார் அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். எஞ்சினின் கொள்ளளவு 358 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதில் இருந்தது 358.17. அந்த 0.17-ஐ நம் கணக்கில் சொன்னால் சுமார் 2.8 மில்லி, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல்.

தண்டனை என்ன தெரியுமா? 2 லட்சம் டாலர் அபராதம், ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் தலா 200 சாம்பியன்ஷிப் புள்ளி வெட்டு, 12 பந்தயங்களுக்குத் தடை. அதுவரை நாஸ்கார் போட்டதிலேயே பெரிய அபராதம் அதுதான். அதுவும் சாம்பியன்ஷிப் புள்ளியே இல்லாத ஒரு பந்தயத்தின் பயிற்சிக்காக! காகிதத்தில் அபராதம் க்ரூ சீஃப், அதாவது காரைத் தயார்செய்யும் குழுவின் தலைவர் பெயரில் இருந்தது. சுமை லாங்கின் தலையில் விழுந்தது. மேல்முறையீட்டில் தடை 8 பந்தயமாகக் குறைந்தது, பணம் குறையவில்லை. அவரால் கட்ட முடியவில்லை. கட்டாதவருக்கு முதல்நிலைத் தொடரின் காரேஜில் இடமில்லை என்றார்கள். அடுத்த நிலைத் தொடரில் ஓட்டிக்கொண்டிருந்தவர், 2017 மே மாதம் கன்சாஸில்தான் திரும்பி வந்தார்.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "அரை டீஸ்பூனுக்கா இவ்வளவு?" இங்கேதான் முதல் சறுக்கல். விதியை மீறினாரா என்பது ஒரு கேள்வி, தண்டனை அளவோடு இருந்ததா என்பது வேறு கேள்வி. எஞ்சின், டயர், எரிபொருள் மூன்றிலும் கை வைத்தால் நாஸ்கார் எப்போதுமே கடுமைதான். 0.17-ஐ விட்டால் அடுத்தவர் 0.3-ஓடு வந்து நிற்பார். கோடு என்றால் கோடுதான். ஆனால் லாங்கின் எஞ்சின் வெளியில் விலைக்கு வாங்கியது என்பது, அது பழுதாகி வெளியே வந்த விதம், அந்த டீமின் வசதி, இதெல்லாம் இரண்டாவது கேள்விக்குக் கட்டாயம் வேண்டும். "மீறினார், அனுபவிக்கட்டும்" என்பவர்களும் "பாவம், சின்ன ஆள்" என்பவர்களும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

அடுத்து, பழைய கதையை இழுத்து ஒப்பிடுவது. 1983-ல் இதே ஷார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்த காரின் எஞ்சின் கிட்டத்தட்ட 382 கன அங்குலம் இருந்தது. டயரும் மாற்றி மாட்டப்பட்டிருந்தது. அவருக்கு 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி வெட்டு. வெற்றி அவரிடமே இருந்தது. இதைக் காட்டி லாங்குக்கு நடந்தது அநியாயம் என்று வாதாடுவது சுலபம். ஆனால் இடையில் 26 ஆண்டுகள். பணத்தின் மதிப்பும் மாறிவிட்டது, தண்டனைப் பழக்கமும் மாறிவிட்டது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 24 கன அங்குலத்துக்கும் 0.17-க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது, மறைக்கவில்லை.

சரி, டாலரை விடுங்கள். பலர் தவறவிடுவது புள்ளியை. 2023 கணக்குப்படி ஜெயித்தால் 40 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 35, அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையும். 30-ஆம் இடத்தில் முடிக்கும் டீமுக்கு 7. அந்த டீமிடம் 100 புள்ளி வெட்டினால் 14 பந்தய உழைப்பு போய்விட்டது என்று அர்த்தம். முன்னால் ஓடுகிறவர்கள் அதை மூன்று நான்கு வாரத்தில் திரும்ப எடுத்துவிடுவார்கள். அது மட்டுமில்லை. ஒரு பந்தயம் ஜெயித்தாலே பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக் கட்டம்) கிட்டத்தட்ட உறுதி என்ற முறை அப்போது இருந்தது. ஜெயிக்கிற டீமுக்குப் புள்ளி வெட்டு அவ்வளவாக வலிக்காது. ஜெயிக்க வழியில்லாத டீமுக்குப் புள்ளிதான் எல்லாமே.

அதே 2023-ல் ஃபீனிக்ஸ் பந்தய வாரத்தில் பானெட்டில் இருக்கும் காற்றுத் துளைத் தட்டுகளை மாற்றியதாக, பெரிய அணியான ஹென்ட்ரிக்கின் நான்கு கார்களும், அதைவிடச் சின்ன காலிக் அணியில் ஜஸ்டின் ஹேலியின் காரும் மாட்டின. காருக்கு 100 புள்ளி, 1 லட்சம் டாலர், க்ரூ சீஃபுக்கு நான்கு பந்தயத் தடை. மேல்முறையீட்டில் ஹென்ட்ரிக்கின் புள்ளிகள் முழுவதும் திரும்பக் கிடைத்தன. சில நாள் கழித்து காலிக்குக்குத் திரும்பியது வெறும் 25. இருவருக்கும் அபராதமும் தடையும் மாறவில்லை.

"பெரிய கை ஜெயித்துவிட்டது" என்று உடனே முடிவுகட்டுவது இன்னொரு தவறு. வழக்குகளை விசாரித்தது மூன்று மூன்று பேர் கொண்ட இரண்டு வெவ்வேறு குழுக்கள். ஏன் அப்படித் தீர்ப்பளித்தோம் என்று எந்தக் குழுவும் விளக்கவில்லை. என் பார்வையில் குறை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. காரணம் சொல்லாத தீர்ப்பு நேர்மையானதாகவே இருந்தாலும் சந்தேகத்தைத் தானே வளர்க்கும். (காலிக் ஒன்றும் லாங் போல ஒற்றை ஆள் டீம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதன் பிறகு நாஸ்கார் விதியைத் திருத்தியது: மீறல் உண்டு என்று குழு கண்டால், தண்டனையின் ஒரு பகுதியை முழுவதுமாக நீக்க முடியாது. சின்ன டீமுக்கு இது நல்லதா? அங்கேயும் அவசரப்பட வேண்டாம். பெரிய டீமுக்குக் கிடைத்த சலுகை போல இன்னொன்று கிடைக்காது. அதே சமயம், நியாயமான காரணத்தோடு வரும் ஏழை டீமையும் முழுசாக விடுவிக்க வழியில்லை.

க்ரூ சீஃப் தடையையும் எல்லோருக்கும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. பெரிய அணியில் அந்த இடத்தில் உட்கார வைக்கப் பொறியாளர்கள் தயாராக இருக்கிறார்கள். சின்ன டீமில் அவரே ஸ்பிரிங் மாட்டுவார், அவரே வேறு மூன்று வேலையும் பார்ப்பார்.

அப்படியானால் வருமானத்துக்கு ஏற்ற அபராதமா? கேட்க நன்றாக இருக்கிறது. மீறல் மலிவாகிவிட்டால் கடைசி வரிசை டீம்களே துணிந்து விளையாடும். பெரியவர்கள் சின்ன டீம் பெயரில் சோதனை ஓட்டவும் வழி பிறக்கும். லாங்கின் தொகையைக் குறைக்காமல், பரிசுப் பணத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்ள விட்டிருந்தால் போதும் என்பேன். கட்டும்வரை காரேஜுக்கு வெளியே நில் என்று சொன்னால், கட்டுவதற்கான பணத்தை அவர் எங்கே போய்ச் சம்பாதிப்பார்?