காற்றுக்காகச் செடி வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

நர்சரிக்குப் போனால் "இது காத்தைச் சுத்தம் பண்ற செடி சார், நாசாவே சொல்லியிருக்கு" என்று ஒரு தொட்டியைக் கையில் கொடுப்பார்கள். நாசா சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. 1989-ல் பில் வுல்வர்ட்டன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் செடிகளைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரியான நச்சு வாயுக்களைச் செலுத்திப் பார்த்தார்கள், வாயுவின் அளவு குறைந்தது. நம் வீடு அப்படிப்பட்ட பெட்டி இல்லையே, கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று வந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவையாம். பத்துக்குப் பத்து அறைக்கு, குறைந்த கணக்கிலேயே தொண்ணூறு தொட்டி. கட்டிலைத் தூக்கி மொட்டை மாடியில் போட வேண்டியதுதான்.

அப்போ செடியே வேண்டாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். கண்ணுக்குப் பச்சையாக இருக்கும், இலையில் கொஞ்சம் தூசி படியும், அது போதும். காற்றுக்கான வேலையை மட்டும் செடியின் தலையில் கட்டாதீர்கள்.

முதல் வேலை: புகையை நிறுத்துவது

வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் நாமே கொளுத்துபவைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டு அதைக் கொளுத்தி, பக்கத்தில் ஒரு மணி பிளான்ட் வைத்தால் என்ன ஆகும்? ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், ஊதுவத்தியைக் குறையுங்கள். புதிதாக அலமாரி, மாடுலர் கிச்சன் செய்திருந்தால் பிளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் வரும், அதற்கும் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து.

அடுத்து, வெளிச்சம் பார்ப்பது

இதைச் செய்யாமல் நர்சரிக்குப் போகாதீர்கள். செடி வைக்கப் போகும் இடத்தில் மதியம் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள், லைட் எல்லாம் அணைந்திருக்கட்டும். நிழலில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விரல் கலங்கலாக இருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லையென்றால் அது இருட்டு மூலை, அங்கே எந்தச் செடியும் வளராது, சில செடிகள் மெதுவாகச் சாகும், அவ்வளவுதான் வித்தியாசம். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலைகள் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

வெளிச்சம் குறைவு, தண்ணீர் ஊற்றவும் மறந்துபோகும் என்றால் ஸ்நேக் பிளான்ட் அல்லது இசட்இசட் பிளான்ட். நடுத்தர வெளிச்சத்துக்கு மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி. ஜன்னலோரம் பளிச்சென்று இருந்தால் அரேகா பாம் வைக்கலாம், அது மடகாஸ்கர் மரம், இருட்டில் வைத்தால் ஓலை மஞ்சளாகிக் கீழிருந்து காயும். துளசியை ஏசி அறைக்குள் வைக்காதீர்கள், அதற்கு வெயில் வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்ஸிஜன் தரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் வகை, அதை வைத்துக் கிளம்பிய பேச்சு. ஒரு தொட்டியால் படுக்கையறையில் எந்த மாற்றமும் தெரியாது. அதேபோல, இரவில் செடி நம் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மணி பிளான்ட், பீஸ் லில்லி, இசட்இசட் மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக உண்டு, கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். ஸ்நேக் பிளான்டைப் பூனை கடித்தால் வாந்தி எடுக்கும். ஸ்பைடர் பிளான்ட்டும் அரேகாவும் பயமில்லாதவை.

மண், தண்ணீர்

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் இறுகிய செம்மண் கட்டியில் இருக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து மாற்றி நடுங்கள். ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் என்றால் கோகோ பீட்டுக்குப் பதில் ஆற்று மணல். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி பிடித்திருந்தால், பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச்செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். "தினமும் ஒரு டம்ளர்" கணக்கெல்லாம் வேண்டாம், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். ஸ்நேக் பிளான்டுக்கு மண் முழுக்கக் காய வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆனாலும் கவலையில்லை. அதன் அடித்தண்டு கொழகொழவென்று அழுந்தினால் அழுகல் ஆரம்பித்துவிட்டது, நல்ல இலையை வெட்டிப் புது மணலில் நட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில்தான் உப்பு அதிகம், ஸ்பைடர் பிளான்டின் இலை நுனி பழுப்பாகக் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகட்டும்.

இலையில் தூசி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. ஒரு கையை இலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனிக்குத் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், இலைத்துளை அடைபட்டு இன்னும் தூசிதான் ஒட்டும்.

கடைசியாக, கொசு

தொட்டிக்கடியில் வைக்கும் தட்டும், மணி பிளான்ட் நிற்கும் பாட்டிலும் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது, முட்டை நீர்மட்டத்தையொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். பாட்டில் பிரஷ்ஷால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, வேரையும் குழாயில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள்.