ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் மட்டும் ‘டக் டக்’: ஸ்டெபிலைசர் லிங்க் பார்ப்பதும் மாற்றுவதும்

ஒழுங்கைக்குள் இருபதில் போனால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டும். வாசல் மதகில் சரிவாக ஏறும்போது இன்னும் பலமாகக் கேட்கும். ஆனால் வேகத்தடையை நேராக ஏறி இறங்கினால் சத்தம் இல்லை, ஏ9 வீதியில் எழுபதில் போனாலும் இல்லை. இந்தக் குணங்கள் சேர்ந்து இருந்தால் ஷொக் அப்சோபரைக் கழற்ற முன் ஸ்டெபிலைசர் லிங்கை, அதாவது ஸ்டெபிலைசர் பாரின் நுனியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டை, பாருங்கள். ஷொக்கோடு ஒப்பிட்டால் லிங்கின் விலை கொஞ்சம்தான். மாற்றுகிற வேலையும் சின்னது.

ஸ்வே பார், அன்ரிறோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒன்றுதான். வில் உருக்கால் செய்த கம்பி, காரின் குறுக்கே ஓடும். அதன் நடுப்பகுதியை இரண்டு றப்பர் புஷ்கள் காரின் அடிச்சட்டமான சப்பிறேமோடு பிடித்திருக்கும். முன்னோக்கியோ பின்னோக்கியோ வளைந்த இரண்டு நுனிகளும் லிங்க் வழியாக ஷொக்கிலோ, சில்லைக் கீழே பிடிக்கும் லோவர் ஆர்மிலோ கொழுவியிருக்கும். இரண்டு சில்லும் ஒரே அளவு மேலே எழும்பினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், எந்த விசையும் கொடுக்காது. ஒரு சில்லு எழும்பி மற்றது கீழே நின்றால்தான் அது முறுகும், முறுகினால்தான் வேலை செய்யும். வேகத்தடையில் மௌனமும் மதகில் சத்தமும் இதனால்தான். சோதிப்பதும் பூட்டுவதும் இதே விதிக்குள்தான் வரும்.

வளைவில் நடப்பது இது. கார் இடப்பக்கம் திரும்பினால் உடல் வலப்பக்கம் சரியும். வலது ஸ்பிறிங் அமுங்க, இடது ஸ்பிறிங் விரியும். முறுகிய கம்பி வலப்பக்கம் உடலை மேலே தள்ளும், இடப்பக்கம் கீழே இழுக்கும். சரிவு குறையும். லிங்க் உடைந்து தொங்கினால் இந்த உதவி போய்விடும். சோழகக் காற்று வீசும் நாளில் சங்குப்பிட்டிப் பாலத்தில், அதுவும் கூரையில் சாமான் கட்டிய வானில், அந்த வித்தியாசம் ஸ்ரேரிங்கில் உடனே தெரியும்.

தடித்த பார் போட்டால் நல்லதா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். 22 மில்லிமீற்றர் கம்பியை 24 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் ஏறும். வளைவில் சரிவு குறையும்தான், ஆனால் ஒரு சில்லு பள்ளத்தில் விழும்போது மற்றச் சில்லையும் அது அவ்வளவு பலமாக உலுப்பும். முன்பக்கம் மட்டும் விறைப்பாக்கினால் வளைவில் மூக்கு வெளியே இழுபடும். பாதிக் குழியும் பாதித் தாருமாக இருக்கும் நம்முடைய உள்வீதிகளுக்கு கொம்பனி போட்ட பாரே போதும்.

சோதிக்கும்போது பலரும் ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கி லிங்கை ஆட்டிப் பார்ப்பார்கள். அசையாது, ‘லிங்க் நல்லது’ என்று இறக்கிவிடுவார்கள். ஒரு சில்லு தொங்கும்போது கம்பி முறுகி, லிங்க் நுனியின் உருண்டை மூட்டான போல் ஜொயின்ற்றை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த இடைவெளி கைக்குத் தெரியாது. காரைக் கராஜ் குழிக்கு மேலே நான்கு சில்லிலும் நிற்க விடுங்கள், அல்லது முன்னிரண்டையும் சமமாகத் தூக்குங்கள். பிறகு லிங்கைப் பிடித்து மேலும் கீழுமாக வெடுக்கென்று ஆட்டுங்கள். ‘கிளிக்’ என்று கையில் தட்டினால் போய்விட்டது. மூட்டை மூடும் றப்பர் உறையான பூட் கிழிந்திருந்தாலும் நாள் எண்ண வேண்டியதுதான்: வலிகாமத்துச் செம்மண் தூள் உள்ளே கிறீஸோடு கலந்தால் உரைதாள் மாதிரி அரைத்துவிடும்.

அப்படியும் சந்தேகம் என்றால் இரண்டு லிங்கையும் முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, ஆளில்லாத ஒழுங்கையில் இருபதுக்கு மேல் போகாமல் ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் நின்றால் லிங்க் அல்லது பார் புஷ். நிற்காவிட்டால் ஷொக் மவுன்ற், லோவர் ஆர்ம் புஷ், ஸ்ரேரிங்கைச் சில்லோடு இணைக்கும் றாக் என்ட் என்று தேடுங்கள். பழைய மாருதி 800 இலும் பழைய ஆல்ற்றோவிலும் இந்தச் சோதனை செய்யவே கூடாது. அவற்றில் லோவர் ஆர்மை முன்பின் அசையாமல் பிடிப்பதே அந்தப் பார்தான். கழற்றினால் சில்லே இடம் மாறும்.

இனி மாற்றும் வேலை. கோரொல்லா வகை டொயோட்டாக்களுக்கு வேண்டியவை: சில்லு நட்டுக்கு 21, லிங்க் நட்டுக்கு 17 ஸ்பனர், 6 மில்லிமீற்றர் அலன் கீ, வயர் பிறஷ், துருவிளக்கி ஓயில், ஜக், இரண்டு ஸ்ராண்ட், இறுக்கத்தை அளக்கும் ரோர்க் றெஞ்ச். வேறு காருக்கு அளவு மாறும். மணல் முற்றத்தில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். ஸ்ராண்டுக்குப் பதிலாகச் சிமெந்துக் கல் வைக்கவே வேண்டாம். அது வெடித்தால் எச்சரிக்காது.

ஹான்ட் பிறேக் இழுத்து, பின்சில்லுக்குக் கட்டை வைத்து, சில்லு நட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட்டு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லுகளைக் கழற்றுங்கள். லிங்கின் புரியை வயர் பிறஷால் நன்றாகத் தேய்த்து ஓயில் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். தீவுப்பக்கம் ஓடும் கார் என்றால் முதல்நாள் இரவே அடித்து வைப்பது நல்லது. நட்டைத் திருப்பினால் மூட்டுக்குள் இருக்கும் உருண்டையும் சேர்ந்து சுற்றும். அதனால் தண்டின் நுனிக் குழியில் அலன் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பனரால் நட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் குழிக்குள் மண் இறுகியிருக்கும். ஊசியால் கிண்டித் துப்புரவாக்காமல் அலன் கீயைத் திணித்தால் குழி வழுகிவிடும், பிறகு கிறைண்டர்தான் வழி. அப்படி வெட்டும்போது பிறேக் ஹோஸையும் றாக் என்ட் பூட்டையும் ஈரச் சாக்கால் மூடுங்கள்.

புது லிங்கின் தண்டு துளைக்கு நேரே வராவிட்டால் சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. இரண்டு சில்லும் ஒரே உயரத்தில் இல்லை என்பதுதான் காரணம். தாழ்ந்து நிற்கும் பக்கத்து லோவர் ஆர்மை ஜக்கால் மெல்லத் தூக்கினால் தண்டு தானாக நேரே வரும். கோரொல்லா வகைகளில் லிங்க் நட் 74 நியூட்டன் மீற்றர், சில்லு நட் 103. பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே வீதியில்தானே ஓடின. இந்த வேலைக்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை. றாக் என்டைத் தொடாமல் அலைன்மென்டுக்குக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

நீண்ட போல்ற்றும் நான்கு றப்பரும் கொண்ட பழைய வகை லிங்க் வேறு கதை. அதைச் சில்லுகள் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. காரை இறக்கிய பிறகு, றப்பர் வொஷரின் அகலத்துக்குப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும்.

பார் புஷ் வாங்கப்போனால் காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பாரில் புஷ் இருந்த இடத்துத் துருவைச் சுரண்டி, வேர்ணியரால் விட்டத்தை அளந்து கொண்டுபோங்கள். புஷ்ஷின் துளை ஒரு மில்லிமீற்றர் பெரிதாக இருந்தாலும் சத்தம் தொடரும். றப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிறீஸ் பூசினால் ஊதிப்போகும், சவர்க்காரத் தண்ணீர் போதும். பொலியூரித்தேனுக்கு மட்டும் சிலிக்கன் கிறீஸ். புஷ்ஷில் உள்ள கீறல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்ற முன் படம் எடுத்துவையுங்கள். சில கார்களில் சப்பிறேமை இறக்காமல் புஷ்ஷுக்குக் கை போகாது. அதைக் கராஜில் கொடுப்பதே புத்தி.

உடைந்த பாரை ஒட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. வில் உருக்கு சூட்டில் தன் பதத்தை இழக்கும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப உடையும். ஜப்பானில் கழற்றிய பழைய பாரை வாங்கிப் போடலாம், அதில் தேயும் மூட்டு இல்லை. பழைய லிங்கை மட்டும் வாங்காதீர்கள்.

கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியால் அடிக்கடி ஓடுபவர்கள் மாரியில் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் காய்ந்த பிறகு உப்பு அங்கேயே படியும், அடுத்த முறை அந்த 17 நட் அசையாது.