நிகழ்த்தி முடித்த பிறகு கையில் என்ன இருக்க வேண்டும்: வேலூர்ப் பக்கத்து இளம் கலைஞர்களுக்கு

நான் ஓவியம் வரைவேன், ஆம்பூர்த் தோல் துண்டுகளையும் பழைய லுங்கிகளையும் வைத்து நிர்மாணக் கலை (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் இன்ஸ்டலேஷன்) செய்வேன், பார்வையாளர் முன் என் உடம்பையே கொண்டு நிகழ்த்துகிற நிகழ்த்துக் கலையும் செய்வேன். குடியாத்தத்தில் இருந்தபடியே இதுதான் என் தொழில். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிற பிள்ளைகளிடம் முதலில் சொல்வது, செய்ததைப் பதிவு செய்து வையுங்கள் என்பதுதான். ஓவியம் சுவரில் இருக்கும். நிகழ்வு முடிந்ததும் கலைந்துவிடும். அடுத்த முறை உங்களை அழைப்பவர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அழைப்பார்.

சரி, எதைச் செய்வது? நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. மாசியில், அம்மன் வேஷம் கட்டி மயானத்துக்குப் போகிற பாலாற்றங்கரை மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில், தலை மட்டும் தெருத்தெருவாக வந்து கோயிலில் உடலோடு சேர்வதைப் பாருங்கள். பாரதக் கூத்து நடக்கும் ஊரில், கடைசி நாள் காலைப் படுகளத்தில் தரையில் மண்ணால் கிடத்திய துரியோதனனைச் சுற்றி நடந்து பாருங்கள். கூட்டம் எப்போது விலகுகிறது, எப்போது அமைதியாகிறது, வேஷக்காரர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று நோட்டில் எழுதுங்கள். ஆனால் அம்மன் வேஷத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கேலரியில் நிறுத்தாதீர்கள். அதைக் கட்டுகிறவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே தொடுங்கள். இதில் நான் கறாராக இருப்பேன்.

முதல் வேலைக்கு வீட்டில் கண்ணெதிரே நடப்பதை எடுங்கள். எங்கள் வீட்டில் பீடி சுற்றினார்கள். அம்மாவின் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வறண்ட பாலாற்றில் உட்கார்ந்து, புகையிலைத் தூளுக்குப் பதில் ஆற்று மணலை இலையில் வைத்துச் சுற்றினேன். கொஞ்சம் பொருள், ஒரே செயல். அவ்வளவு போதும்.

பொது இடமென்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் நாள், நேரம், இடம், எத்தனை பேர் என்று எழுதி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே தனி அனுமதி வேண்டும்.

இனி பதிவு. ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, முழு உடம்பும் சுற்றுப்புறமும் தெரியும்படி, ஆரம்பம் முதல் முடிவு வரை வெட்டாமல் ஓடவிடுங்கள். நல்ல போன் போதும், கூடவே சார்ஜ் ஏற்ற பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கை, முகம், பொருள், பார்க்கிறவர்களின் முகம் என்று போட்டோ எடுக்கட்டும். கல்யாண வீடியோக்காரரை அழைத்தால், இசை சேர்க்கவோ ஸ்லோமோஷன் போடவோ கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அன்றிரவே தலைப்பு, ஆண்டு, இடம், நேர அளவு, பொருள்கள், படம் எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘மணல் கட்டு, பாலாறு, பீடி இலை, ஆற்று மணல், நூல், 6 மணி நேரம்’ என்கிற மாதிரி. பின்னால் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். மிஞ்சிய பொருள்களையும் வீசாதீர்கள். அந்த மணல் பீடிகள் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் தனிப் படைப்பாயின. முறத்தைப் பார்த்து வரைந்தவை ஓவியங்களாயின. ஒரு வேலை இப்படித்தான் பல கலைகளுக்குள் நடக்கிறது.

என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று சொல்லும் படைப்புக் குறிப்பைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அம்மாவுக்கோ நண்பருக்கோ படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத வரியை அடித்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

படிப்பு வேண்டுமென்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உண்டு. 2012-இல் கொச்சியில் தொடங்கிய பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி முசிறி பினாலே நடக்கும்போது காட்பாடியில் இரவு ரயில் ஏறி எர்ணாகுளம் போய்வாருங்கள். கோவாவில் இருக்கும் நிகழ்த்துக் கலைஞர் நிகில் சோப்ரா, 2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து நிகழ்த்தினார். அவர் ஓவியத்தையும் உடம்பையும் எப்படிச் சேர்க்கிறார் என்று கவனியுங்கள்.

பணம். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. பெங்களூரில் இருக்கும் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை (India Foundation for the Arts) கலைத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. விண்ணப்பத்தின் வரவு செலவில் பயணம், பொருள், வீடியோ, உதவியாளர் கூலி எல்லாம் போட்டுவிட்டு, உங்கள் ஊதியத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நான் பள்ளிகளில் பட்டறை நடத்தியும் நாடகங்களுக்கு அரங்கம் அமைத்தும் சம்பாதிக்கிறேன். அதுவும் இதே தொழில்தான்.

யாராவது அழைத்தால், போவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: ஊதியம் எவ்வளவு, எப்போது, பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம். பதில் எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.