மழை லீவா? கூகுளில் இப்படித் தேடுங்கள்

நவம்பர் வந்துவிட்டால் சென்னையில் பாதி வீடுகளில் விடிந்ததும் கூகுளில் ஒரே தேடல்தான்: 'சென்னை பள்ளி விடுமுறை'. வருவதில் பாதி போன வருஷத்துச் செய்தி. தலைப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள், பாவம்!

இதற்கு எளிய வழி உண்டு. கம்ப்யூட்டரில் தேடல் பெட்டிக்குக் கீழே 'டூல்ஸ்' இருக்கும். அதைத் தட்டி, 'எனி டைம்' என்பதை 'பாஸ்ட் 24 அவர்ஸ்' என்று மாற்றுங்கள். பழைய செய்தியெல்லாம் ஓடிவிடும். அப்படியும் கலெக்டர் அறிவிப்புதானா என்று உள்ளே போய்த் தேதியைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், கழித்தல் குறி. பல்லவ மன்னரைத் தேடினால் காரைக்குடி ரயில் வந்து நிற்கிறதா? 'பல்லவன் -எக்ஸ்பிரஸ்' என்று போடுங்கள், 'எக்ஸ்பிரஸ்' என்ற சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது. சொற்கள் அதே வரிசையில் வேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் போடலாம்.

'முன்ன மாதிரி கூகுள் இல்லைப்பா, மேலே எல்லாம் விளம்பரம்' என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். நியாயமான புலம்பல்தான். 'ஸ்பான்சர்ட்' என்று போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். ஏஐ சுருக்கமும் வேண்டாம், வெறும் இணைப்புகள் போதும் என்றால் 'வெப்' என்ற பிரிவைத் தட்டுங்கள். 2024-இல் வந்தது, 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும்.

வங்கி கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடவே தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கமே சரியான எண் இருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.