பூட்டை மாற்றுவதற்கு முன்: சட்டவிரோதச் செயல் நடக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகைக்கு விட்ட வீட்டில் போதைப்பொருள் விற்பனையோ சூதாட்டமோ நடக்கிறது என்று தெரிந்தால் உரிமையாளருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. அந்த ஆத்திரத்தில் பூட்டை மாற்றுகிறார்கள், மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள், சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்கிறார்கள். உள்ளே நடந்தது குற்றமே ஆனாலும், பெரும்பாலான நாடுகளில் சட்ட நடைமுறையின்றி ஒருவரை வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. மறுநாள் அவர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவரையே மீண்டும் குடிவைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் கூடும்.

இதைவிட நான் அஞ்சுவது, தெரிந்தும் பேசாமல் இருப்பவர்களை எண்ணித்தான். வாடகை தவறாமல் வருகிறது, நமக்கேன் வம்பு என்று இருந்துவிடுகிறார்கள். தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளரையும் தண்டிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. போதாக்குறைக்கு, விஷயம் தெரிந்த பிறகும் வாடகை வாங்கி ரசீது கொடுத்தால், ஒப்பந்த மீறலை நீங்களே பொறுத்துக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். தெரிந்தவுடன் வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த மாத வாடகையை வாங்கலாமா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரவில் ஆட்கள் வந்துபோவது மட்டும் எதையும் நிரூபிக்காது. கண்டதை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள்; அக்கம்பக்கத்தார் கொடுத்த புகார்களின் நகலைச் சேர்த்து வையுங்கள். ஆதாரம் தேடி மாற்றுச் சாவியோடு உள்ளே நுழையவே கூடாது. அது அத்துமீறல். அங்கே ஒரு பொருளைத் தொட்டுவிட்டால், அதை நீங்களே கொண்டுவந்து வைத்ததாக வாடகைதாரர் சொல்லிவிடலாம். தேடுவது காவல்துறையின் வேலை. அவர்கள் வருவதற்குள் வாடகைதாரரிடம் வாய்விட்டால் தடயம் மறைந்துவிடும்.

குற்றவியல் வழக்கில் தண்டனை வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. வெளியேற்றும் வழக்கு பெரும்பாலும் உரிமையியல் (சிவில்) வழக்கு. குற்றத் தீர்ப்புக்குத் தேவைப்படும் அளவுக்கு அதில் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே பல நாடுகளின் நிலை. ஆனால் வாடகைதாரருக்கு அனுப்பும் நோட்டீஸில் 'தவறான நடத்தை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதுவே வழக்கைக் கவிழ்க்கும். ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனை, எப்போது, எப்படி மீறப்பட்டது என்று எழுத வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் எதுவும் அறியாத மனைவியும் குழந்தைகளும் இருக்கலாம். அடித்து அடக்கி வைக்கப்பட்ட ஒருவரும் இருக்கலாம். தவறு செய்தவரை மட்டும் வெளியேற்ற உங்கள் நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று மனு போடுவதற்கு முன்பே கேளுங்கள்.