மட்டக்களப்பு வெக்கையில் இளம் சிவப்பு வைனைச் சுவைத்து மதிப்பிடும் முறை

வைன் லேபிளில் ஒரே திராட்சைத் தோட்டத்தின் பெயர் இருந்தால் உள்ளே இருப்பது அந்தத் தோட்டத்துப் பழம் என்று மட்டும்தான் அர்த்தம். அது தரச் சான்று அல்ல. அவுஸ்திரேலியாவின் 'ஹில் ஒஃப் கிரேஸ்' ஒற்றைத் தோட்ட வைன், 'கிரேஞ்ச்' பல தோட்டங்களின் கலவை. இரண்டுமே உச்சத்தில் வைக்கப்படுபவை. ஆகவே தேட வேண்டியது அந்த மண்ணின் தனிக்குணத்தை. முடிந்தால் அதே நிறுவனத்தின் அதே ஆண்டுச் சாதாரண வைன் ஒன்றையும் வாங்கி அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுக்கடை பூட்டு, முன்கூட்டியே வாங்குங்கள்.

வாங்கும்போது தக்கையைப் பாருங்கள். வாய் விளிம்புக்கு மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு வழிந்திருந்தாலோ போத்தல் வெயிலில் வெந்திருக்கலாம். எடுக்காதீர்கள்.

அடுத்தது வெப்பநிலை. பலரும் சறுக்குவது இங்கேதான். 'அறை வெப்பநிலையில் குடி' என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது: 16 முதல் 18 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் நாளில் கல்லடி வீட்டு அறை 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மதுசாரம் மூக்கில் ஏறும், பழ வாசம் மங்கும், புளிப்பு தளர்ந்துவிடும். அதற்குப் பயந்து இரவு முழுக்க பிரிஜ்ஜில் வைத்து எடுத்தாலும் பிழைதான்: 5 பாகையில் வாசம் மூடிக்கொள்ளும், துவர்ப்பு முரடாகும், நல்ல வைனையும் 'கசக்குது' என்று ஒதுக்கிவிடுவீர்கள். பிரிஜ்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் சரிபாதி நிரப்பிய வாளியில் 10 – 15 நிமிடம் போதும். தனி ஐஸ் வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால்தான் போத்தலை முழுதாகத் தொட்டுக் குளிர்விக்கும். சமையல் தேர்மோமீட்டரால் அளந்து, 15 பாகையில் ஊற்றுங்கள். கிளாஸில் அது தானாகவே 18க்கு ஏறிவிடும். வைனை ஊற்றிவைக்கும் விலைகூடிய கண்ணாடிக் குடுவையான டிகான்டரைவிட இந்தத் தேர்மோமீட்டருக்குக் காசு கொடுப்பது மேல்.

வாய் குறுகிய கிளாஸில் 50 மில்லிலீற்றர். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள்: இளம் வைனின் விளிம்பு பெரும்பாலும் நாவற்பழ ஊதா. செங்கல் நிறம் தட்டினால் சந்தேகப்படுங்கள். சுழற்றாமல் ஒரு தரம், சுழற்றி ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டது. மல்லிகையும் சாம்பிராணியும் அறையில் இருக்கக் கூடாது. வெற்றிலை போட்ட வாயும் ஆகாது, பாக்கின் துவர்ப்பு எல்லாவற்றையும் மறைக்கும்.

ஒரு வாய் எடுத்து, பல் ஈறு, கன்னம் எங்கும் 10 வினாடி உருட்டித் துப்புங்கள். நாக்கடியில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. தொண்டையில் சூடு, மதுசாரம். கன்னம் உலர்ந்து இறுகினால் துவர்ப்பு. எச்சிலின் புரதத்தைத் தனின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்வதால் வருவது. இளம் வைனில் துவர்ப்பு கூடியிருப்பது குற்றமல்ல, அதன் தன்மையைப் பாருங்கள். பழுத்த நாவற்பழம்போல் மெல்லப் படர்ந்தால் நல்லது. வாழைக்காயைக் கடித்ததுபோல் பிடித்தால் திராட்சை பழுக்கு முன் பறித்திருக்கலாம்.

துப்பிய பின் வினாடியை எண்ணுங்கள். துவர்ப்பு அடங்கிய பிறகும் பழச்சுவை நின்றால் அந்த வைனுக்கு ஆயுள் உண்டு. பழம் முதலில் மறைந்து வறட்சி மட்டும் எஞ்சினால், வைத்துப் பழசாக்கினாலும் தேறாது. சந்தேகம் என்றால் பாதிப் போத்தலை மூடி பிரிஜ்ஜில் வைத்து, மறுநாள் 15 பாகைக்கு வரவிட்டுப் பாருங்கள். வாசம் இன்னும் விரிந்திருந்தால் நல்ல வைன்.

பின்னர் சேர்த்தது: சுவைக்கும் இடையில் மிக்சர், கச்சான் கொட்டை சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், உப்பும் கொழுப்பும் துவர்ப்பைக் குறைத்துக் காட்டும், மிளகாய் மதுசாரச் சூட்டைக் கூட்டும். வெறும் பாணும் தண்ணீரும் போதும். இரவு மிஞ்சும் வைனுக்கு வாவி மீன் குழம்பு பொருந்துமா என்றும் கேட்கிறார்கள். அதே மிளகாய்க் காரணத்தால் பொருந்தாது: காரம் குறைத்த பொரியலோடு வையுங்கள்.